317 ஓட்டைகள்

ஒரு அறிவிப்புப் பலகை வைக்க என்ன செலவாகும்? தெருமுனையில் போர்டு எழுதும் ஆர்ட்டிஸ்டிடம் கேட்டுப் பாருங்கள். தகரம், இரும்பு ஆங்கிள், பெயின்ட், எழுத்துக்கூலி, குழி தோண்டி நட இரண்டு ஆள்... விரல்விட்டு எண்ணி ஒரு தொகை சொல்வார். பேரம் பேசினால் கொஞ்சம் குறைப்பார்.

இப்போது நான் சொல்லப்போகிற பலகையின் கொட்டேஷன் வேறு மாதிரி. எடை 500 பவுண்டுக்கு மேல். அதாவது, கிட்டத்தட்ட 230 கிலோ. கனமான எஃகுத் தகடு. துப்பாக்கியால் சுட்டால் குண்டு துளைக்கக் கூடாது என்பது கண்டிஷன். கண்காணிக்க கேமரா, கிட்டே வந்து யாராவது வாலாட்டினால் அலற ஒரு சைரன். மொத்தச் செலவு 10,000 டாலருக்கும் மேல்!

எந்த ஜனாதிபதி மாளிகை வாசலில் வைக்க இத்தனை ஏற்பாடு என்று கேட்பீர்கள். மாளிகையாவது, கீளிகையாவது! அமெரிக்காவில், மிசிசிப்பி மாநிலத்தில், பருத்திக் காடுகளுக்கு நடுவே போகிற ஒரு மண் சாலையின் முடிவில், ஆற்றங்கரை ஓரமாக நிற்கிறது அந்தப் பலகை. பக்கத்தில் வீடு கிடையாது. கடை கிடையாது. 2019 அக்டோபரில் அதை நட்டார்கள்.

யாருக்காக? ஒரு பதினாலு வயசுப் பையனுக்காக. அவன் செத்து அப்போது 64 வருஷம் ஆகியிருந்தது.

செத்துப்போன பையனின் பெயர் எழுதிய பலகையை யார் சுடுவார்கள்? ஏன் சுடுவார்கள்? அதற்குத்தான் உங்களை டாலஹாச்சி கவுண்ட்டிக்கு அழைத்துப் போகிறேன். கவுண்ட்டி என்றால் நம்மூர் மாவட்டத்தின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போவதற்கு முன்னால் ஒரு சின்ன விளக்கம். அமெரிக்காவில் நெடுஞ்சாலைகளில் பயணம் செய்தவர்கள் கவனித்திருப்பார்கள். 'இந்த இடத்தில்தான் இன்ன வருஷம் இன்னது நடந்தது' என்று சொல்லும் உலோகப் பலகைகள் சாலையோரம் நின்றுகொண்டே இருக்கும். கார் பெருகப் பெருக, காரில் போகிறவனுக்குச் சரித்திரம் சொல்லலாமே என்று ஆரம்பித்த பழக்கம். வர்ஜீனியா மாநிலம் 1927-லேயே தொடங்கிவிட்டது. மிசிசிப்பி 1949-இல். பச்சை நிறம், தலையில் மக்னோலியா பூ, கீழே சில வரிகளில் விஷயம். இன்ன தளபதி இங்கே தங்கினார், இன்ன சர்ச் இங்கே கட்டப்பட்டது... இந்த ரீதியில் போகும்.

சில வரிகள்தான் இடம் என்கிறபோது, எதை எழுதுவது, எதை விடுவது? வில்லங்கமே அங்கேதான் ஆரம்பம்.

சரி, வண்டியை எடுப்போம்.

முதல் பலகை: மனி

டாலஹாச்சிக்குத் தெற்கே அடுத்த கவுண்ட்டி லஃப்ளோர். அதில் ஒரு குட்டி ஊர். பெயர் 'மனி'. ஆமாம், பணம் என்று அர்த்தம் வருகிற அதே மனிதான். ஆனால், ஊரில் பணம் இருந்ததாகச் சரித்திரம் இல்லை. சாலையோரம் இடிந்துபோன ஒரு செங்கல் கட்டடம். கூரை இல்லை. கொடி படர்ந்து, சுவரே தெரியாது. 1955-இல் இது மளிகைக் கடை. ப்ரையண்ட்ஸ் க்ரோசரி. ராய் ப்ரையண்ட் என்ற வெள்ளைக்காரரும், அவர் மனைவி கேரலினும் நடத்தினார்கள். வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் பருத்திக் காட்டில் வேலை செய்யும் கறுப்பர்கள்.

1955 ஆகஸ்ட் மாதம், சிகாகோவிலிருந்து எம்மெட் டில் என்ற பையன் லீவுக்கு இங்கே வந்தான். ஜூலையில்தான் பதினாலு முடிந்திருந்தது. வீட்டில் 'போபோ' என்று கூப்பிடுவார்கள். கலகலப்பான பையன். பாட்டியின் சகோதரியைக் கட்டியவர் மோசஸ் ரைட், தாத்தா முறை. மனிக்குப் பக்கத்தில் குத்தகைக்குப் பருத்தி போட்டுக்கொண்டிருந்தார். அந்த வீட்டுக்குத்தான் விருந்தாளியாக வந்தான்.

அவன் அம்மா மேமிக்கு அனுப்ப இஷ்டமே இல்லை. மிசிசிப்பியைப் பற்றி அவருக்குத் தெரியும். அங்கே வெள்ளைக்காரர்களிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று பாடம் நடத்தித்தான் ரயிலேற்றினார். சிகாகோவில் வளர்ந்த பையனுக்குப் பாடம் எவ்வளவு ஏறியிருக்கும்?

ஆகஸ்ட் 24 சாயங்காலம், பையன்கள் கூட்டமாகக் கடைக்குப் போனார்கள். எம்மெட் பபிள்கம் வாங்கினான். கல்லாவில் 21 வயது கேரலின். அவர் வெளியே வந்தபோது, இவன் விசிலடித்தான் என்கிறார்கள் கூட இருந்த பையன்கள். கேட்டவுடன் அவர்களுக்கு ரத்தம் உறைந்துவிட்டது. விழுந்தடித்துக்கொண்டு ஓடினார்கள்.

நான்கு நாள் கழித்து, ஆகஸ்ட் 28 ஞாயிறு, விடிவதற்கு வெகு நேரம் முன்பு, மோசஸ் ரைட் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. வெளியூர் போய்த் திரும்பியிருந்த ராய் ப்ரையண்ட், அவருடைய அரைச் சகோதரர் ஜே.டபிள்யூ. மைலம். கையில் துப்பாக்கி, டார்ச் லைட். தூங்கிக்கொண்டிருந்த பையனை எழுப்பி, டிரஸ் மாட்டச் சொல்லி, கூட்டிப்போனார்கள்.

அவ்வளவுதான். பையன் உயிரோடு திரும்பவில்லை.

இந்தக் கடைக்கு முன்னால் இப்போது ஒரு பலகை இருக்கிறது. மிசிசிப்பி சுதந்திரப் பாதை என்று மாநிலம் முழுக்க நட்ட பலகைகளில் முதலாவது, 2011-இல் வைத்தது. 2017-இல் அதன் எழுத்துக்களை யாரோ சுரண்டினார்கள். அடுத்த மாதமே பின்பக்கம் ஒட்டியிருந்த படங்களையும் வாசகங்களையும் உரித்தெடுத்துவிட்டார்கள். மறுபடி புதுப்பித்தார்கள்.

பக்கத்திலேயே இன்னொரு கட்டடம். பழைய பெட்ரோல் பங்க். பளிச்சென்று, 1950-களில் இருந்த அதே தோற்றத்தில், அழகாகப் புதுப்பித்து நிற்கிறது. மனித உரிமைப் போராட்டச் சின்னங்களைப் பாதுகாப்பதற்கான அரசு மானியத்தில் இரண்டு லட்சம் டாலருக்கு மேல் வாங்கிச் செய்த வேலை. எம்மெட் டில் கதையில் இந்த பங்க்குக்கு என்ன பாத்திரம்? ஒன்றுமே இல்லை! பக்கத்தில் இருந்தது, அவ்வளவுதான். கதை நடந்த கடையோ இடிந்து கிடக்கிறது. இரண்டும் ஒரே குடும்பத்தின் சொத்து. எந்தக் குடும்பம்? இந்தக் கொலை வழக்கில் ஜூரியாக உட்கார்ந்த 12 பேரில் ஒருவருடைய குடும்பம்.

நான் படித்தது பி.காம். எத்தனையோ பேலன்ஸ் ஷீட் பார்த்திருக்கிறேன். மானியத் தொகை இப்படித் தடம் மாறிப் போய் உட்காருவதை நம்மூரில்தான் பார்க்க முடியும் என்று நினைத்திருந்தேன்.

இரண்டாவது: நீதிமன்ற வாசல்

ஆகஸ்ட் 31. டாலஹாச்சி ஆற்றில் மீன் பிடிக்கப் போன ஒரு பையன் கண்ணில் கால்கள் பட்டன. இழுத்துக் கரையில் போட்டார்கள். கழுத்தில் முள்கம்பியால் கட்டியிருந்தது ஒரு இரும்பு விசிறி. பருத்தியிலிருந்து கொட்டை நீக்கும் ஜின்னிங் மில்லில் இருக்குமே, அந்த விசிறி. 30 கிலோவுக்கு மேல் எடை. முகம் அடையாளமே தெரியவில்லை. விரலில் இருந்த மோதிரத்தில் எல், டி என்று இரண்டு எழுத்து. லூயிஸ் டில். எம்மெட்டின் அப்பா பெயர்.

உள்ளூரிலேயே அவசரமாகப் புதைத்துவிடப் பார்த்தார்கள். மேமி விடவில்லை. 'என் பிள்ளையை சிகாகோவுக்கு அனுப்பு' என்று ஒற்றைக்காலில் நின்றார். பெட்டி வந்தது. திறந்து பார்த்தார். அதன் பிறகு அவர் எடுத்த முடிவுதான் சரித்திரம். மூட வேண்டாம். ஊரே பார்க்கட்டும் என்றார். சிகாகோவில் ராபர்ட்ஸ் டெம்பிள் என்ற சர்ச்சில் திறந்த பெட்டி. பல்லாயிரம் பேர் வரிசையில் நின்று பார்த்தார்கள். 'ஜெட்' என்ற கறுப்பர்களின் வாரப் பத்திரிகை புகைப்படத்தை வெளியிட்டது. அமெரிக்காவே பதறியது.

வழக்கு எங்கே நடந்தது தெரியுமா? சம்னர் என்ற ஊரில். டாலஹாச்சி கவுண்ட்டிக்கு இரண்டு தலைநகரங்கள். ஒன்று சார்ல்ஸ்டன், இன்னொன்று சம்னர். இன்று சம்னரின் ஜனத்தொகை சுமார் 300. அந்தக் காலத்தில் ஊர் எல்லையில் ஒரு வரவேற்புப் பலகை இருந்தது. அதில் என்ன எழுதியிருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். 'ஆண் பிள்ளை வளர்க்க நல்ல ஊர்' என்று!

செப்டம்பர் 19-ஆம் தேதி வழக்கு ஆரம்பம். கவுண்ட்டியில் பாதிக்கு மேல் கறுப்பர்கள். ஆனால், வாக்காளர் பட்டியலில் ஒரு கறுப்பர்கூட இல்லை. ஜூரியை அந்தப் பட்டியலிலிருந்துதான் எடுக்க வேண்டும். விளைவு? 12 பேரும் வெள்ளைக்காரர்கள். 12 பேரும் ஆண்கள். கறுப்பின நிருபர்களுக்குத் தனியாக ஓரத்தில் ஒரு மேஜை. பக்கத்து நாற்காலியில் உட்காரக்கூட அனுமதி இல்லை.

ஆனால், அந்தக் கோர்ட்டில் இரண்டு காரியங்கள் நடந்தன.

ஒன்று, 64 வயது மோசஸ் ரைட் சாட்சிக் கூண்டில் எழுந்து நின்றார். பையனைக் கொண்டுபோனது யார் என்று கேட்டபோது, கையை நீட்டி மைலமைக் காட்டினார். அடுத்து ப்ரையண்டைக் காட்டினார். ஒரு கறுப்பர், மிசிசிப்பியில், நிறைந்த கோர்ட்டில் வெள்ளைக்காரனை நோக்கிக் கை நீட்டுவது என்றால் சும்மா இல்லை. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நீட்டிய கை அது. வழக்கு முடிந்ததும், காட்டில் பருத்தியை அப்படியே போட்டுவிட்டு சிகாகோவுக்கு ஓடினார்.

இரண்டு, வில்லி ரீட் என்ற 18 வயது இளைஞர். சம்பவத்தன்று காலையில் ஒரு கொட்டகைக்குள் அடிக்கும் சத்தமும் அலறலும் கேட்டது, மைலம் வெளியே வந்ததைப் பார்த்தேன் என்று சாட்சி சொன்னார். இவரும் ராத்திரியோடு ராத்திரியாக ஊரைவிட்டுப் போனவர்தான். பெயரையே மாற்றிக்கொண்டு சிகாகோவில் வாழ்ந்து, 2013-இல் இறந்தார். இந்தக் கொட்டகையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வருவோம்.

எதிர்த்தரப்புக்குப் பெரிய பலம் யார்? போலீஸ் பக்கம் இருக்க வேண்டிய ஷெரீஃப்தான்! எச்.சி. ஸ்ட்ரைடர். ஆற்றில் கிடைத்த பிணம் அந்தப் பையனுடையதே இல்லை என்று குற்றவாளிகளுக்காகச் சாட்சி சொன்னார். ஜூரிகளுக்கு அது போதுமானதாக இருந்தது. செப்டம்பர் 23. 67 நிமிஷம் கலந்து பேசி, நிரபராதிகள் என்று விடுவித்துவிட்டார்கள். இடையில் கூல்டிரிங்க்ஸ் குடிக்காமல் இருந்திருந்தால், இவ்வளவு நேரம்கூட ஆகியிருக்காது என்றாராம் ஒரு ஜூரி.

நான்கு மாதத்தில் இன்னொரு கூத்து. 1956 ஜனவரியில் 'லுக்' பத்திரிகையில் அந்த இருவரும், 'ஆமாம், நாங்கள்தான் கொன்றோம்' என்று விலாவாரியாகச் சொன்னார்கள். சும்மா இல்லை, மூன்று நாலாயிரம் டாலர் வாங்கிக்கொண்டு! ஒரு முறை விடுதலையானவனை அதே குற்றத்துக்கு மறுபடி விசாரிக்க முடியாது என்பது அமெரிக்கச் சட்டம். மைலம் 1980-இலும், ப்ரையண்ட் 1994-இலும் செத்தார்கள். ஒரு நாள்கூட அந்தக் கொலைக்காகத் தண்டனை அனுபவிக்கவில்லை.

2022-இல் லஃப்ளோர் கோர்ட்டின் நிலவறையில் பழைய காகிதப் பெட்டி ஒன்றைத் துழாவியபோது, 1955-இல் கேரலினைக் கைது செய்யப் போட்ட வாரன்ட் கிடைத்தது. 67 வருஷமாக நிறைவேற்றாமலேயே கிடந்த உத்தரவு. அதன்பேரில் வழக்குப் போட மறுத்துவிட்டார்கள். அடுத்த வருஷம் கேரலினும் போய்ச் சேர்ந்தார்.

சரி, பலகைக்கு வருவோம். சம்னர் கோர்ட் வாசலில் 1913-லிருந்து ஒரு சிலை நிற்கிறது. உள்நாட்டுப் போரில் அடிமை முறைக்காகப் போராடிய தென்மாநிலப் படைவீரனின் சிலை. அந்தப் புல்தரையிலேயே, 2007 அக்டோபர் 2-ஆம் தேதி, மக்னோலியா பூ வைத்த பச்சைப் பலகை ஒன்றைத் திறந்தார்கள். இங்கே ஒரு வழக்கு நடந்தது, கொன்றவர்கள் விடுதலையானார்கள், பிறகு அவர்களே ஒப்புக்கொண்டார்கள் என்று சொல்கிறது அது.

அன்றைக்குக் கூட்டத்தில், டில் குடும்பத்தாரின் முன்னால், கவுண்ட்டி மக்கள் சார்பில் ஒரு தீர்மானம் வாசித்தார்கள். நீதி கொடூரமாகத் தவறிவிட்டது, நடந்ததற்கு ஆழ்ந்து வருந்துகிறோம் என்று. இதற்காக 2006-லேயே கறுப்பர்களும் வெள்ளையர்களும் சேர்ந்து ஒரு குழு அமைத்திருந்தார்கள். அதற்கு முனைந்து நின்றவர் ஜெரோம் லிட்டில். கவுண்ட்டி நிர்வாகக் குழுவின் முதல் கறுப்பினத் தலைவர்.

1955-க்கும் 2007-க்கும் நடுவில் என்ன ஆயிற்று என்று கேட்டீர்களானால்... ஒன்றுமே ஆகவில்லை. மௌனம். 2005 ஜூலையில் ஒரு நெடுஞ்சாலைப் பகுதிக்கு எம்மெட் டில் பெயரைச் சூட்டியதுதான் மிசிசிப்பியில் அவனுக்கு வைத்த முதல் நினைவுப் பலகை. ஐம்பது வருஷத்துக்குச் சில வாரம்தான் பாக்கி! அதிலும் அடுத்த வருஷமே 'கே.கே.கே.' என்று பெயின்ட் அடித்து வைத்தார்கள்.

ஆனால், இந்தக் கவுண்ட்டி ஒருவரை மட்டும் அதற்கு ரொம்ப முன்பே கௌரவித்துவிட்டது. 1981-லேயே இங்கே ஒரு சாலைப் பகுதிக்குப் பெயர் சூட்டினார்கள். யார் பெயர்? ஷெரீஃப் ஸ்ட்ரைடர்! கொலையுண்டவனுக்கு 24 வருஷம் சீனியர்.

இல்லாத பலகை

இப்போது அந்தக் கொட்டகை.

வில்லி ரீட் அலறல் கேட்ட இடம் டாலஹாச்சியில் இல்லை. பக்கத்து சன்ஃப்ளவர் கவுண்ட்டியில், ட்ரூ என்ற ஊருக்குப் பக்கத்தில். மைலமின் தம்பி அப்போது அந்தப் பண்ணையின் மேனேஜர். பையனை அடித்துச் சித்ரவதை செய்தது அங்கேதான். அப்படியானால், வழக்கு அந்தக் கவுண்ட்டியில் அல்லவா நடந்திருக்க வேண்டும்?

இங்கேதான் சூட்சுமம். பிணம் என் எல்லையில் கிடைத்தது, கேஸ் என்னுடையது என்று ஸ்ட்ரைடர் உரிமை கொண்டாடினார். பின்னால் 'லுக்' பத்திரிகைக்குக் கதை சொன்னபோது, கொட்டகையைச் சுத்தமாக விட்டுவிட்டார்கள் கொலைகாரர்கள். இரண்டே பேர், ஆற்றங்கரை, ஒரு குண்டு... முடிந்தது. கொட்டகையைச் சொன்னால், அங்கே கூட இருந்த மற்றவர்களின் பெயரும் வெளியே வருமே! அவர்களுக்கு அப்போது விடுதலை ஆகவில்லை. மாட்டிக்கொள்வார்கள்.

காசு வாங்கிச் சொன்ன இந்தப் பொய், அச்சில் வந்ததால் உண்மையானது. பல பத்தாண்டுகள் புத்தகங்களிலும் வரைபடங்களிலும் கொட்டகையே கிடையாது. கோர்ட்டில் சத்தியம் செய்து சொன்ன கறுப்பு இளைஞன் வில்லி ரீட்டின் வார்த்தையைவிட, கொலைகாரனின் பேட்டிக்கு மவுசு அதிகம். கான்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவ் டெல் 2019-இல் எழுதிய புத்தகத்தில் இதையெல்லாம் தோண்டியிருக்கிறார். கொட்டகையோ ஒரு தனியார் வீட்டுக்குப் பின்னால், வேண்டாத சாமான் போட்டுவைக்கும் இடமாக இருந்தது. 2025-இல்தான் சம்னரில் உள்ள எம்மெட் டில் நினைவு மையம் அதை விலைக்கு வாங்கியது.

அதற்காக, நட்டிருக்கிற பலகைகள் எல்லாம் சொல்வது சத்தியவாக்கு என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். க்ளென்டோரா என்ற ஊரில், பழைய ஜின்னிங் மில் ஒன்றை எம்மெட் டில் மியூசியமாக ஆக்கியிருக்கிறார்கள். கழுத்தில் கட்டிய விசிறி இங்கேயிருந்துதான் எடுத்தார்கள் என்கிறார்கள். இருக்கலாம். நிரூபணம் கிடையாது. பிணத்தைக் கரையேற்றியது சரியாக இந்த இடம்தானா என்பதிலேயே அபிப்பிராய பேதம் உண்டு. க்ளென்டோரா பரம ஏழை ஊர். சரித்திரம்தான் அவர்களிடம் இருக்கிற ஒரே சொத்து. கொஞ்சம் அழுத்திப் பிடித்துக்கொள்கிறார்கள். தப்பு சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால், படிக்கிற நாம் கண்ணைத் திறந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

ஆற்றங்கரைப் பலகை

கடைசியாக, நாம் தேடி வந்த பலகை. க்ராபால் லேண்டிங். பிணம் கரையேறியது இங்கேதான் என்று அந்தக் குழு அடையாளம் வைத்த இடம். ஏப்ரலில் நட்டார்களா, மே மாதமா என்பதெல்லாம் வேண்டாம், கதை இதுதான்.

முதல் பலகை, 2008. சில மாதத்திலேயே யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். கிடைக்கவே இல்லை. ஆற்றில் போட்டிருப்பார்கள் என்பது ஊர்ப்பேச்சு. பையனுக்கு நடந்ததே அவன் பலகைக்கும்!

இரண்டாவது பலகை. பிடுங்கவில்லை, சுட்டார்கள். ஒரு தடவை, இரண்டு தடவை இல்லை. வருஷக்கணக்கில். போகிறபோதும் வருகிறபோதும். 2016-இல் அங்கே போன ஒரு சினிமா மாணவர் அதைப் படமெடுத்து வெளியிட்டபோதுதான், வெளியுலகத்துக்குத் தெரிந்தது. எண்ணிப் பார்த்தார்கள். 317 ஓட்டைகள். எழுத்தே படிக்க முடியவில்லை.

மூன்றாவது பலகை, 2018 ஜூன். எத்தனை நாள் தாங்கியது? 35 நாள். மறுபடி குண்டு. அந்தப் பலகைக்கு முன்னால் மூன்று கல்லூரி மாணவர்கள் கையில் துப்பாக்கியோடு, சிரித்த முகமாக போஸ் கொடுத்த போட்டோ 2019-இல் வெளியே வந்தது. ராத்திரி இருட்டில், வாரியிறைத்த வெளிச்சத்தில், ஏதோ வேட்டையாடிய மானுக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி நின்றார்கள். இவர்களுக்கு 1955 என்பது பாட்டன் காலத்துச் சமாசாரம். பிறகும் அந்தச் சிரிப்பு எங்கேயிருந்து வந்தது?

நான்காவதுதான் அந்த 230 கிலோ எஃகு. 2019 அக்டோபர் 19-ஆம் தேதி, எம்மெட்டின் உறவினர்கள் முன்னிலையில் திறந்தார்கள். இரண்டே வாரம். வெள்ளையின வெறியர்கள் கும்பல் ஒன்று கொடியோடு வந்து, பலகைக்கு முன்னால் வீடியோ எடுக்க ஆரம்பித்தது. சைரன் அலறியது. ஓட்டம் பிடித்தார்கள். கொடுத்த காசுக்கு சைரன் வேலை செய்தது!

2023 ஜூலை 25, எம்மெட் உயிரோடு இருந்திருந்தால் அவனுக்கு 82 வயது. அன்றைக்கு ஜனாதிபதி பைடன், இந்த ஆற்றங்கரை, சம்னர் கோர்ட், சிகாகோ சர்ச் மூன்றையும் சேர்த்து தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார். எம்மெட் பெயரோடு அவன் அம்மா பெயரையும் சேர்த்து.

அந்த 317 ஓட்டைப் பலகை என்ன ஆயிற்று என்று கேட்க மாட்டீர்களா? பழைய இரும்புக்குப் போடவில்லை. 2021-இல் அதை வாஷிங்டனில், ஸ்மித்சோனியனின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் நடுநாயகமாக வைத்தார்கள். பி.காமில் தேய்மானம் என்று ஒரு பாடம் உண்டு. எந்தச் சொத்தும் அடிபட அடிபட மதிப்பு குறையும், வருஷா வருஷம் கழித்துக்கொண்டே வர வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். சுடச் சுட மதிப்பு ஏறிய ஒரே சொத்து, எனக்குத் தெரிந்து, இந்தப் பலகைதான். எழுதியிருந்த வாசகம் 1955-இல் நடந்ததைச் சொன்னது. ஓட்டைகள், அதற்கு அப்புறமும் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லிவிட்டன. சுட்டவனுக்கே தெரியாமல் மிச்சத்தை அவன் எழுதி முடித்துவிட்டான்.

எனக்கு ஒரே ஒரு குறை. மேமி டில் 2003 ஜனவரியில் காலமாகிவிட்டார். மிசிசிப்பியில் முதல் பலகை வருவதற்கு இரண்டு வருஷம் முன்பே. நெடுஞ்சாலை, கோர்ட், ஆற்றங்கரை... மகன் பெயர் எழுதிய ஒரு பலகையைக்கூட அங்கே அவர் பார்க்கவில்லை.

அதனால் என்ன? யாரும் ஒரு எழுத்துகூட எழுதத் துணியாத 1955-லேயே, பெட்டியை மூடாதே, எல்லோரும் பார்க்கட்டும் என்று சொன்னவர் அவர்தானே. அந்தப் பலகையை இன்றுவரை யாராலும் பிடுங்க முடியவில்லை.